என் நடையை என்னிடம் காட்டாதவர்கள்

இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. துணி தேய்க்கும் அயனிங் மேசையிலிருந்து செக்கிங் மேசைக்குப் பனியன் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து எங்களிடம் வேலைக்கு வந்திருந்த பெண் ஒருத்தி அதை எடுத்து வந்து நீட்டினாள். "என்னக்கா, ஒத்தச் செருப்போட நடக்கீக" என்றாள். குனிந்து பார்த்தேன். சித்திரை மாதத்துச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தேன். சூடு உறைக்கவே இல்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. திருப்பூரில் எங்களுடையது சின்ன பனியன் கம்பெனி. என் கணவர் கந்தசாமி தையலையும் வெளிவேலைகளையும் பார்த்துக்கொண்டார். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று பார்த்து ஒதுக்கும் செக்கிங் என் பொறுப்பு. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. மகள் கலைவாணி பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். காலையிலிருந்து பொழுது சாயும் வரை நின்றபடியே இருப்பேன். நிற்பதும் நடப்பதும் ஒரு வேலை என்று தோன்றியதே இல்லை.

எனக்கு வந்த நோய் வந்தவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பார்த்துக்கொள்கிறவர்கள் இரண்டு முறை படித்தால் நல்லது.

கால் மரத்துப்போனது சில வாரங்களில் தானாகச் சரியானது. அடுத்த கோடையில் வலது கண் மங்கியது. சிவப்புத் துணி அந்தக் கண்ணுக்கு மட்டும் பழைய செங்கல் நிறத்தில் தெரிந்தது. கண்ணில் கோளாறில்லை, உள்ளே நரம்பில்தான் வீக்கம் என்று கண் மருத்துவர் சொன்னார். அதுவும் தெளிந்தது. அதன்பின் கால் கனக்கத் தொடங்கியது.

காலையில் நன்றாக நடப்பேன். மதியம், அயனிங் ஆவியும் தகரக் கூரையின் வெக்கையும் ஏறினால், இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம் போகும். பார்க்கிறவர்களுக்குக் குடித்தவள் நடை. பொழுது சாய்ந்து, தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு வந்தால் மறுபடியும் சரியாகிவிடும்.

"காத்தால பம்பரமாச் சுத்துறா. வேல சேர்ற நேரமாப் பாத்துத்தான் இவளுக்குக் கால் வராமப் போயிருது" என்று என் மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது காதில் விழுந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கே என் மேல் அந்தச் சந்தேகம் இருந்தது.

டானிக்குகள் குடித்தேன். ஊசிகள் போட்டுக்கொண்டேன். ஒன்றும் நடக்காமல், கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவரிடம் (மூளை, தண்டுவடம், நரம்பு நோய்களைப் பார்ப்பவர்) போனோம். காலை நேரம், குளிரூட்டிய அறை. நடக்கச் சொன்னார். நடந்தேன். ஒரு பிசகும் இல்லை. வீட்டிலும் கம்பெனியிலும் அத்தனை பேர் முன்னால் தடுமாறிய கால், எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் பிடிவாதமாக ஒழுங்காக நடந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆனால் மருத்துவர் அனுப்பிவிடவில்லை. எந்த நேரத்தில் அதிகமாகிறது என்று கேட்டார். வெயிலில்தான் என்றேன். மறுவாரம் மதியம் மூன்று மணிக்கு, பஸ்ஸில் வெயிலோடு வந்து சேரும்படி சொன்னார்.

அன்று தாழ்வாரத்தில் மூன்று கால் நிறுத்தியின் மேல் ஒரு வீடியோ கேமரா இருந்தது. கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பது அப்போதுதான் வழக்கமாகிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் எதற்கு என்று விழித்தேன். "ஆறு மாசம் கழிச்சு நீங்க வர்றப்ப, இன்னிக்கு எப்படி நடந்தீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்காதும்மா. ரெண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாத்தா, நடை தேறியிருக்கா மோசமாயிருக்கான்னு தெரியும்" என்றார்.

பாதம் தெரிய வேண்டும் என்பதால் நர்ஸ் என் சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கி ஊக்குக் குத்தினாள். ஆட்கள் போய்வரும் தாழ்வாரத்தில் அப்படி நின்றது கூச்சமாக இருந்தது. கேமராவை நோக்கி நடக்க வேண்டும், திரும்பிப் போக வேண்டும். பிறகு ஒரு கால் விரல் நுனியில் மறு காலின் குதிகாலை ஒட்டி வைத்து ஒரே கோட்டில் நடக்க வேண்டும். கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூட வேண்டும் (உடம்பு சாய்கிறதா என்று பார்க்கும் சோதனை). மூக்கையும் மருத்துவரின் விரலையும் மாறி மாறித் தொட வேண்டும். கண்ணை மூடியதும் சாய்ந்தேன். நர்ஸ் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதி. இப்போதாவது ஒரு ஆள் பார்த்துவிட்டார்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதித்தார்கள். முடிவு சொல்லும் நாளில் என் கணவரையும், சேவூரில் விவசாயம் பார்க்கும் என் அண்ணன் பொன்னுச்சாமியையும் உள்ளே கூப்பிட்டார்கள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் நோயாளியிடம் யாரும் நேரே சொல்வதில்லை.

வெளியே வந்த கணவர், "நரம்புத் தளர்ச்சிதான். மருந்து சாப்பிட்டாச் சரியாப் போயிரும்" என்றார். அண்ணன் மோர் வாங்கப் போவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார்.

ஐந்தாறு வருடங்கள் இப்படிப் போயின. திடீரென்று கால் விழுந்துவிடும். மருத்துவமனையில் சேர்த்து ஸ்டீராய்டு (நரம்பின் வீக்கத்தைத் தணிக்கும் வீரியமுள்ள மருந்து) ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். முகம் உப்பும், தூக்கம் போகும், கால் திரும்ப வரும். முழுதாக வராது, கொஞ்சம் பாக்கி வைத்துவிட்டு வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே தாழ்வாரம், அதே கேமரா. படம் பிடித்து முடிந்ததும் என் கணவர் மருந்து எழுதி வாங்க உள்ளே போவார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வந்து, "பரவால்லைன்னு சொல்றாரு" என்பார்.

பரவாயில்லை என்றால் நான் ஏன் விழுகிறேன். என் மனசுதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் பேச்சு கூடிக்கொண்டே போனது. உறவுக்காரர்கள் முன்னாலேயே, "எங்கூட்டு மகாராணிக்கு மத்தியானமானாக் கட்டல் வேணும்" என்பார். என் கணவர் அதே அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கம்பெனியிலும் செக்கிங் மேசை வேறு ஒருவர் கைக்குப் போனது. நான் கேட்காமலே எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். எந்த வேலையும் தரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலைவாணிக்குப் பின் இன்னொரு குழந்தை வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். வாய்விட்டுக் கேட்கவும் செய்தேன். "இப்ப வேண்டாம்" என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். பிறகு தனியாகப் படுக்க ஆரம்பித்தார். என் உடம்பின் மேல் அவருக்கு அருவருப்பு வந்துவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டேன். இதை யாரிடம் கேட்பது.

இதற்கு நடுவில் என் நாத்தனார் சாந்தாமணிக்கு அவிநாசிபாளையத்தில் மாப்பிள்ளை பார்த்து, கல்யாணமும் சிறப்பாக நடந்தது. பந்தலில் நான் தடுமாறி விழாமல் இருக்க ஈரத்துண்டைச் சேலைக்குள் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வந்தவர்களை வரவேற்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒருமுறை கோயம்புத்தூர் போக வேண்டிய நாளில் கம்பெனியில் சரக்கு அனுப்பும் வேலை இருந்ததால் அண்ணன் துணைக்கு வந்தார். மூத்த மருத்துவர் வெளியூர் போயிருந்தார். புதிதாகச் சேர்ந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். அண்ணன் வெளியே டீ குடிக்கப் போன நேரத்தில் என்னை வீடியோ அறைக்குள் கூட்டிப்போனார். போன தடவை எந்த இடத்தில் நின்று திரும்பினேன் என்று பார்த்துக்கொண்டால் இந்த முறையும் அங்கேயே திரும்பலாம், ஒப்பிட வசதி என்றார். கேசட்டைப் போட்டார்.

திரையில் ஒரு பெண் வந்தாள். இடது காலை இடுப்போடு சேர்த்து வீசி எடுத்து வைத்தாள். திரும்பும்போது கையைக் காற்றில் துழாவினாள். பாவம், யார் பெற்ற பெண்ணோ என்று ஒரு கணம் நினைத்தேன். அதன் பின்தான் சேலை தெரிந்தது. என் நடை என் மனசுக்குள் வேறாக இருந்தது. லேசாக நொண்டுகிறேன் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

அந்த மருத்துவர் இன்னும் பழைய படம் ஒன்றையும் போட்டார். அதில் நான் ஓரளவு நேராக நடந்தேன். "எம்.எஸ்.ல இப்படித்தாங்க, ஏறி எறங்கித்தான் போகும்" என்றார் சாதாரணமாக.

"எம்.எஸ்.ன்னா என்னங்க?" என்றேன்.

அவர் திரையை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் இங்க உக்காந்து படத்தைப் பாப்பாருன்னு நர்ஸ் சொன்னாங்களே. அவரு உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலீங்களா?"

கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். சொல்லாமல் சமாளித்திருக்கலாம். அவர் சொன்னார். அதற்காக இன்றும் அவருக்கு நன்றி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மேலுறை ஆங்காங்கே சிதைந்து, அவை கொண்டுபோகும் செய்தி தடைபடும் நோய்). கரண்டு வயரின் மேலுறை பிய்ந்தால் எப்படியோ அப்படி என்றார். உடம்பு சூடானால் அந்த நரம்புகள் இன்னும் திணறும், அதனால்தான் மதியத்தில் கால் வருவதில்லை. ஒட்டும் நோய் இல்லை. மனநோய் இல்லை. சோம்பல் இல்லை. முழுதாகக் குணமாக்கும் மருந்தும் இல்லை.

குழந்தை பெற்றிருக்கலாமா என்று கேட்டேன். பெறக்கூடாது என்று இல்லை, பிரசவத்துக்குப் பின் சில மாதங்கள் கவனமாக இருந்தால் போதும், நிறையப் பேர் பெற்றிருக்கிறார்கள் என்றார். பிறகு என் வயதைக் கேட்டார். சொன்னேன். அவர் கேசட்டை வெளியே எடுத்து உறையில் போட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணனிடம் கேட்டேன். அவர் மறைக்க முயலவில்லை. "மாப்ளதான் சொல்ல வேண்டாம்னாரு அம்மிணி. நானும் அதுதான் நல்லதுன்னு நெனச்சுட்டேன்" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீடு வரை வருவதாகச் சொன்னவரை சேவூருக்குப் பஸ் மாறும் அவிநாசியிலேயே இறங்கச் சொல்லிவிட்டேன். மீதித் தூரம் தனியாக வந்தேன். அவ்வளவு தூரம் தனியாக வந்து வருடங்கள் ஆகியிருந்தன.

என் கணவர் கம்பெனியிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். "ஏனுங்க, நான் நடக்கற படத்தை எத்தன தடவ பாத்தீங்க?" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கை துடைத்த துண்டை மடித்து வைத்தார். பிறகு சொன்னார். ஒவ்வொரு முறையும் டாக்டர் போட்டுக் காட்டுவார். பழைய நடையையும் புது நடையையும் காட்டி எவ்வளவு மோசமாகியிருக்கிறது என்று விளக்குவார். எனக்குத் தெரிந்தால் மனசு ஒடிந்து போவேன், இன்னொரு பிரசவத்தை என் உடம்பு தாங்காது என்று பயந்தார். அதோடு, "சாந்தாமணி கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். இந்த மாதிரி நோவு ஊட்டுல இருக்குதுன்னா ஆரு பொண்ணெடுப்பாங்க" என்றார்.

"கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருசமாச்சுங்களே."

அவர் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார்.

நோயை மறைத்ததைக்கூட என்னால் ஒருவாறு விளங்கிக்கொள்ள முடிந்தது. என்னால் தாங்க முடியாதது வேறு. அவர் அந்த அறையில் உட்கார்ந்து என் கால் எப்படி இழுக்கிறது என்று கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, அவருடைய அம்மா என்னை வேலைக்கள்ளி என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். என் நடை அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. நான் என்னையே சந்தேகப்பட்டுக் கழித்த வருடங்கள் முழுவதும் அவரிடம் பதில் இருந்தது.

அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். என் மாமியாரிடம் என் எதிரிலேயே சொல்ல வேண்டும். மறுநாள் காலை சமையல்கட்டில் வைத்துச் சொன்னார். மாமியார் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் மகனைப் பார்த்து, "அப்ப நான் பேசுனதையெல்லாங் கேட்டுட்டுச் சும்மாவாடா உக்காந்திருந்த?" என்றார். அதன்பின் வெகுநாள் அவர் மகனோடு பேசவில்லை. என்னிடம் மன்னிப்பு என்று எதையும் கேட்கவில்லை. மதியமானால் தலையணையைத் தட்டிப் போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைப்பார். சாகும் வரை அதைச் செய்தார்.

மூத்த மருத்துவரையும் போய்ப் பார்த்தேன். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால்தான் சொல்லவில்லை, இந்த நோயின் பேரைக் கேட்டே உடைந்துபோனவர்களைத் தனக்குத் தெரியும் என்றார். "நான் பேரு தெரியாமயே ஒடஞ்சு போனனுங்க டாக்டர். அந்தப் படத்துல நடந்தது நானுங்க" என்றேன். இனிமேல் படத்தை முதலில் எனக்குத்தான் காட்டுவதாகச் சொன்னார். சொன்னபடி செய்தார். என் படங்களை மாணவர்களுக்குக் காட்டிப் பாடம் நடத்தியதாகவும், தொடர்ந்து காட்டலாமா என்றும் அப்போதுதான் கேட்டார். காட்டுங்கள், இந்தப் பெண்ணிடம் நாங்கள் அவளுடைய நோயைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். சொல்கிறாரா என்று தெரியாது.

இதைப் படிக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான். உங்களை நடக்க வைத்துப் படம் பிடித்தால் அதைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். முதல் தடவை கொடுமையாக இருக்கும், துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பார்த்தால்தான் பிடிபடும். நான் நடக்கும்போது விழுவதில்லை, திரும்பும்போதுதான் விழுகிறேன் என்று படத்தில்தான் கண்டேன். உடற்பயிற்சி சொல்லித்தருபவர் அதைப் பார்த்துவிட்டு, சட்டென்று திரும்பாமல் அகல வட்டமாகத் திரும்பப் பழக்கினார். இழுக்கிற கால் இடது என்றால் தடி வலது கையில் இருக்க வேண்டும் என்பதும் அங்கே கற்றதுதான். உங்கள் வீட்டாரை மட்டும் உள்ளே கூப்பிட்டால் எழுந்து நீங்களும் உள்ளே போங்கள். மெதுவாகப் போனாலும் போங்கள்.

கம்பெனிக்கு மறுபடியும் போகத் தொடங்கினேன். விடிந்ததும் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவேன். உட்கார்ந்தே செக்கிங் பார்க்கிறேன். முன்பெல்லாம் ஒரு நாள் என்றால் முழு நாள். இப்போது எனக்கு நாள் என்பது முற்பகல் மட்டும்தான். மார்கழியில் அது கொஞ்சம் நீளும், சித்திரையில் சுருங்கிப்போகும். அடுத்த வருடத்தை நினைத்து எதையும் தள்ளிவைப்பதில்லை. இந்தக் கால் எந்த நேரமும் என்னைக் கைவிடக்கூடியது. அதை நம்புவதில்லை, ஆனால் அதனோடு பேசிப் பழகிவிட்டேன்.

கணவரை மன்னித்துவிட்டாயா என்று அண்ணி கேட்டார். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நான் விழுந்தால் அவர்தான் தூக்குகிறார், தூக்கும் கை நல்ல கைதான். ஆனால் அவர் எதைப் பற்றி "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும், சாயப்பட்டறையிலிருந்து துணி வர ஏன் தாமதம் என்பதாக இருந்தாலும், நான் இன்னொரு ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அண்ணியிடம் இதைத்தான் சொன்னேன்.

போன வருடம், படிப்பு முடித்திருந்த கலைவாணியைப் பெண் பார்க்கக் குண்டடத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. ஜாதகம் பொருந்தி, எல்லாம் விசாரித்து முடிந்திருந்தது. முந்தின நாள் என் கணவர் என்னிடம், "நாளைக்கு அவிய வர்றப்ப நீ சோபாவுலயே உக்காந்துக்க. எந்திரிக்க வேண்டாம்" என்றார். தணிவாகத்தான் சொன்னார்.

நான் கலைவாணியிடம் போய், இது உன் காரியம், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவள் பின்னல் போட்டுக்கொண்டே, "சொல்லீருங்கம்மா" என்றாள்.

அவர்கள் மதியத்துக்கு மேல் வந்தார்கள். எனக்கு மிக மோசமான நேரம். உள் அறையிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு புறப்பட்டேன். கூடத்தில் பேச்சு நின்றது. என் கால் தரையில் தேயும் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் எழுந்து வந்து பிடிக்காதபடி கையைக் காட்டிவிட்டு, என் வேகத்திலேயே நடந்து போய்ச் சேர்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா நகர்ந்து இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

"எனக்கு நரம்புல ஒரு நோவுங்க. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு பேரு. ஒட்டாதுங்க. புள்ளைக்கு வரும்னு சொல்ல முடியாது, வரவே வராதுன்னும் டாக்டர் சொல்லலீங்க. பின்னால தெரிஞ்சு வருத்தப்படறதுக்கு இப்பவே தெரிஞ்சுக்குங்க" என்றேன்.

அவர்கள் மரியாதையானவர்கள். காபி குடித்தார்கள், என் சிகிச்சையைப் பற்றி விசாரித்தார்கள், சொல்லியனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். சில நாட்களில் தரகர் வந்து ஜாதகம் சரியாகப் பொருந்தவில்லையாம் என்றார்.

தரகர் போனபின் என் கணவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கோபம் இல்லை, களைப்புத்தான். "அன்னிக்கு நீ உக்காந்திருந்திருக்கலாம்" என்றார்.

"உக்கார வேண்டிய காலம் வருமுங்க. அப்ப உக்காந்துக்கறேன்" என்றேன்.

வெயில் தாழ்ந்து காற்று வரத் தொடங்கியிருந்தது. கால் கொஞ்சம் லேசாகியிருந்தது. தடியை எடுத்துக்கொண்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்க, கேட் வரை நடந்துபோய் அகலமாக ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வந்தேன்.